பாதிரியார் இல்லாத பத்து வருஷம்

போன மாசம் ஊரிலிருந்து மாமா போன் பண்ணினார். எங்கள் ஊர்க் கோயிலுக்கு 150 வருஷம் ஆகிறதாம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மலர் போடுகிறார்கள், அதற்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டும்.

"தலைப்பு கமிட்டியில முடிவு பண்ணியாச்சு மாப்ள. 'வெற்றிகரமான திருச்சபை.' நீதான் பழைய ரிப்போர்ட் எல்லாம் வாசிக்கியே, நம்ம திருநெல்வேலி சபை எப்படி வளந்துச்சுன்னு எழுதிரு. நம்பர் நெறைய போடு. கோபுரம் உயரம், ஆள் கணக்கு, பள்ளிக்கூடம், எல்லாம் வரணும்."

சரி மாமா என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து குறிப்பு நோட்டுகளைப் புரட்டியபோதுதான் தகராறு ஆரம்பித்தது. நம்பர் இல்லாமல் இல்லை. மிஷனெரி ரிப்போர்ட்டுகளில் நம்பருக்குப் பஞ்சமே கிடையாது. ஊர்ப் பெயர், ஞானஸ்நானம் பெற்றவர்கள், பெறாதவர்கள், நற்கருணை எடுப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காணிக்கை என்று கட்டம் கட்டமாக இருக்கும். லண்டனில் இருப்பவர்கள் பணம் அனுப்ப வேண்டும், அதனால் கணக்கு காட்ட வேண்டும், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டங்களை வைத்துப் பார்த்தால் திருநெல்வேலி சபையின் நல்ல வருஷம் 1803, மோசமான வருஷம் 1816. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். மலருக்கு இதைச் சுருக்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.

முதலில் தொடக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்த கதைதான். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். கிறிஸ்தவப் போதனையை அவர் மூலமாகவே தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர் என்ற காரணத்தால். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல், அதே சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து கிளாரிந்தா என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1780-ல், திருநெல்வேலியின் முதல் சபைப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் 40 பேர். கிளாரிந்தா, அவருடைய வளர்ப்பு மகன் ஹென்றி லிட்டில்டன், பிறகு பத்துக்கும் மேற்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆட்கள். கிளாரிந்தா முன்நின்று கட்டிய கோயில் 1785-ல் பிரதிஷ்டை ஆனது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில். மாதவையா 1915-ல் இவரை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார்.

அந்த 40 பேர் பட்டியலில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பல சாதி ஆட்கள் ஒரே ஏட்டில் இருந்தார்கள். பின்னால் தேவைப்படும்.

1790-ல் தஞ்சாவூரில் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்று திருநெல்வேலிக்கு வந்தார். 1796-ல் அவருக்கு உதவியாக தாவீது சுந்தரானந்தம் வந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர், தஞ்சாவூர் போய் கிறிஸ்தவராகித் திரும்பியவர். அவர் வந்த பிறகுதான் தெற்கே தேரிக்காட்டுப் பனையேறிகள் நடுவில் இந்த மார்க்கம் நுழைந்தது. நுழைந்ததும் அடிதடியும் வந்தது. வீட்டைக் கொளுத்தினார்கள், வெளியே விரட்டினார்கள். தாவீதும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, கையில் தடிக்கம்போடு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனவர் என்றே அவரைப் பற்றிச் சொல்வார்கள். இந்தக் காலத்து ஆத்துமா ஆதாய வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் 1799-ல் எவரார்ட் என்ற கேப்டன் கொடுத்த பண உதவியில் ஒரு நிலம் வாங்கி, விரட்டப்பட்ட 28 பேரைக் குடியேற்றினார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர் என்பதால் முதலூர்.

1802-லும் 1803-லும் அலை அடித்தது. சென்னை வேப்பேரி மிஷனைச் சேர்ந்த கெரிக்கே ஐயர் தெற்கே சுற்றி வந்தார், அவர் போன பிறகு சத்தியநாதன் தொடர்ந்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் ஊராக வந்தார்கள், சில இடங்களில் இருந்த கோயிலையே ஜெபக்கூடமாக்கிக் கொடுத்தார்கள். மாமா கேட்கிற நம்பர் இதுதான். இரண்டு வருஷத்தில் ஐயாயிரம்!

பிறகு என்ன நடந்தது என்பதை யாரும் மலரில் போடுவதில்லை. கெரிக்கே 1803-லேயே இறந்துபோனார். வயதான சத்தியநாதனைத் தஞ்சாவூருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ரிங்கல்தௌபே என்ற லண்டன் மிஷன் ஐயர் கொஞ்ச காலம் மேற்பார்த்தார். அவர் மனசு திருவிதாங்கூர் மயிலாடியில் இருந்தது, அங்கே போய்விட்டார். தஞ்சாவூரிலிருந்து ஒரு ஐயர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம், ஜெர்மனியிலிருந்து ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. 1811-ஐ ஒட்டி விஷக்காய்ச்சல் பரவி மாவட்டமே சுருண்டது. பழைய சாமிக்குக் கோபம் என்று பயந்து நிறையப் பேர் திரும்பிப்போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது யார்தான் நிலையாக நிற்பார்கள்?

1816-ல் ஜேம்ஸ் ஹவ் என்பவர் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குச் சாப்ளினாக வந்தார். அவர் வேலை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்துவது மட்டும்தான். ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. உள்ளூரில் கிறிஸ்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார், கிராமம் கிராமமாகப் போனார். சிதறிக் கிடந்த பல ஊர்களில் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். முதலூரும் நாசரேத்தும் முழுக்கவே கிறிஸ்தவ ஊர்கள். தமிழ்க் குருமார் ஓரிருவர், மற்றபடி உபதேசியார்கள். ஓலைக் கூரை ஜெபவீடுகள். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள், பாடுகிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள். புஸ்தகம்தான் போதவில்லை.

ரிப்போர்ட் கட்டத்தில் போட்டால் ஐயாயிரம் மூவாயிரமாகி இருக்கிறது. நஷ்டம். ஆனால் பத்து வருஷம் கேட்பாரில்லை. காய்ச்சல் வந்தது, பஞ்சம் வந்தது, பாளையக்காரர் யுத்தத்தின் சூடு முழுசாக ஆறவில்லை, சொந்தக்காரன் பரிகாசம் பண்ணுகிறான், திரும்பிப் போனால் தடுக்க ஆளில்லை. அப்படியும் மூவாயிரம் பேர் இருந்தார்கள். 1803-ல் வந்தவர்களில் எத்தனை பேர் ஐயர் முகத்தைப் பார்த்து வந்தார்கள், எத்தனை பேர் ஊர்த்தலைவர் சொல்லி வந்தார்கள் என்று பிரிக்க முடியாது. 1816-ல் இருந்தவர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகமே வராது.

இது பெரிய விஷயமா, இயல்பாக நடக்கிறதுதானே என்று கேட்கலாம். அதற்குத்தான் கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே காலத்தில், அதே தமிழ் பேசுகிற ஜனங்கள் நடுவில், இதற்கு நேர் எதிரானது அங்கே நடந்தது.

டச்சுக்காரர்கள் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதுவரை கத்தோலிக்கமாக இருந்த கோயில்களை எல்லாம் எடுத்து, சீர்திருத்த சபைக் கோயில்களாக மாற்றினார்கள். பல்தேயுஸ் என்ற பாதிரி எழுதிய புஸ்தகத்தில் அந்தக் கோயில்களின் படங்கள்கூட உண்டு. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று ஒவ்வொரு ஊருக்கும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. பள்ளிக்கு வராவிட்டால் அபராதம். பிறப்பு, கல்யாணம் எல்லாம் பள்ளித் தோம்பில் பதிய வேண்டும். ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. ஆக எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பட்டியலில் பல்லாயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள். திருநெல்வேலிக்கு 40 பேர் ஏடு எழுதப்படுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அங்கே இந்தக் கணக்கு.

1796-ல் ஆங்கிலேயர்கள் இலங்கையைப் பிடித்தார்கள். உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்கிற சட்டம் போயிற்று, அதோடு சபையும் போயிற்று. 1806-ல் கிளாடியஸ் புக்கானன் யாழ்ப்பாணத்தைப் பார்க்கப் போனபோது கோயில்கள் பாழடைந்து கிடந்தன. அந்த மாகாணம் முழுசுக்கும் புரொட்டஸ்டண்ட் போதகர் ஒரே ஒருவர். அவரும் யார் என்று பார்த்தால், கிறிஸ்தியான் தாவீது, நம்ம தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், தமிழ்நாட்டிலிருந்து போனவர்! ஒன்றரை நூற்றாண்டு ஆட்சியும் கோயிலும் பள்ளியும் அபராதமும் தோம்பும் இருந்த இடத்துக்கு, அதில் எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

டச்சு சபையில் நல்ல ஆட்களே இல்லை என்று சொல்லவரவில்லை. பிலிப்பு தெ மெல்லோ போன்ற தமிழ் குரு ஒருவர் அங்கேதான் உருவானார், வேதாகம மொழிபெயர்ப்பில் பெரிய வேலை செய்தவர். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலராக இருந்ததுதான் பிரச்சினை.

1816-ஐப் பற்றி இன்னொன்று. ஹவ் பாளையங்கோட்டைக்கு வந்த அதே வருஷம்தான் அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டேனியல் பூர் தெல்லிப்பழையில் தங்கினார். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பழைய கோயிலின் இடிந்த சுவர்கள். கல்லால் கட்டிய கனமான சுவர்கள்தான், கூரைதான் இல்லை. உள்ளே ஜெபிக்க ஆளும் இல்லை. தேரிக்காட்டில் ஹவ் பார்த்தது நேர்மாறு. சுவர் மண், கூரை ஓலை, உள்ளே ஆட்கள்.

யாழ்ப்பாணத்திலேயே இன்னொரு சாட்சியும் உண்டு, கத்தோலிக்கர்கள். டச்சுக்காரர்கள் அவர்களுடைய குருக்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள், ஒளித்து வைத்தவனுக்குக் கடும் தண்டனை. 1658-லிருந்து 1687 வரை, ஏறக்குறைய 30 வருஷம், குருவானவர் இல்லாத சபை. 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் கூலிக்காரர் வேஷத்தில் வந்து இறங்கினார். ரகசியமாக விசாரித்து வீடுகளைக் கண்டுபிடித்துப் பூசை வைக்க ஆரம்பித்தபோது, சில்லாலை போன்ற ஊர்களில் விசுவாசம் அப்படியே இருந்தது. மூப்பர்களும் அண்ணாவிமார்களும் ஜெபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் பண்ணவைத்து வைத்திருந்தார்கள். அரசாங்கம் தூக்கிப் பிடித்த சபை கரைந்தது, அரசாங்கம் நசுக்கிய சபை நின்றது. ஒரே மண், ஒரே ஜனம், ஒரே மொழி. புரொட்டஸ்டண்ட் வீட்டில் பிறந்தவன் நான், இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அப்படி.

அப்படியானால் தெற்கே தேரிக்காட்டில் தாங்கிப் பிடித்தது எது? நான் வாசித்தவரையில் மூன்று நாலு விஷயம் தட்டுப்படுகிறது.

பெரியது உபதேசியார். மிஷனெரிகளின் எழுத்தில் இவர்கள் ஓரத்தில்தான் வருவார்கள், பெரும்பாலும் குறை சொல்லும் இடத்தில். போதுமான படிப்பில்லை, ஒழுங்காக டயரி எழுதுவதில்லை, சண்டை பிடிக்கிறார்கள் என்று. ஆனால் ஐயர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற இடத்தில் மீதி 364 நாளும் அங்கே இருந்தவர் இவர்தான். பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார், சாவு வீட்டில் ஜெபம் பண்ணுவார், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பார், தாசில்தாருக்கு மனு எழுதுவார். சம்பளம் சொற்பம். அதே ஊரில் பெண் எடுத்து, அதே கிணற்றில் தண்ணீர் இறைத்து வாழ்ந்தவர். தோம்பில் பெயர் எழுதின டச்சுப் பள்ளி வாத்தியாருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்றால், அவருக்கு மேலே கவர்னர் இருந்தார், இவருக்கு மேலே யாரும் இல்லை. ஊரார் இவரை வேண்டாம் என்று நினைத்திருந்தால் ஒரே நாளில் அனுப்பியிருக்கலாம்.

அடுத்தது மனப்பாடம். தரங்கம்பாடியில் 1714-லேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சேற ஆரம்பித்துவிட்டது, பின்னால் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு வந்தது. ஆனால் கிராமத்தில் எத்தனை பேர் கையில் புஸ்தகம் இருந்திருக்கும்? ஞானோபதேசக் கேள்வி பதில், பத்துக் கட்டளை, பரமண்டல ஜெபம், நாலைந்து ஞானப்பாட்டு, இவைதான் வாயில் இருந்தன. வாயில் இருப்பதை யாரும் பறிமுதல் பண்ண முடியாது, காய்ச்சலில் கிடந்தாலும் முணுமுணுக்கலாம்.

நிலமும் முக்கியம். முதலூரின் 28 பேருக்குத் தங்களுடையது என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. பனை இருந்தது, அடுத்த ஊர்ப் பண்ணையாரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இதன் அருமையை நன்றாகப் புரிந்துகொண்டவர் ரேனியஸ். 1820-ல் ஹவ் எழுதிய கடிதங்களின் பலனாகப் பாளையங்கோட்டைக்கு வந்த பிரஷ்யக்காரர், தமிழில் இலக்கணமும் பூமி சாஸ்திரமும் எழுதியவர். 1830-ல் தரும சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். சபையார் காசு போட்டு நிலம் வாங்குவது, அடிபட்டு வருகிறவர்களை அங்கே குடிவைப்பது. சில ஊர்கள் அப்படி உண்டானவைதான்.

ரேனியஸ் காலத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறி பத்தாயிரத்தைத் தாண்டியது. 1835-ல் சர்ச் மிஷனெரி சங்கம் அவரை வேலையை விட்டு நீக்கியது. தான் பழக்கிய உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் பிஷப் முறைமை எதற்கு என்பதுதான் சண்டையின் வேர். உபதேசியார்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், ஊர்கள் பிரிந்தன, 1838-ல் ரேனியஸ் இறந்த பிறகுதான் பிளவு ஒருவழியாக மூடியது. இந்தச் சண்டையைப் பெரும்பாலானவர்கள் சபைக்கு நேர்ந்த கேடாக எழுதுகிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். சபை யாருடையது என்று ஊர்க்காரர்கள் முதல்முறையாகச் சத்தமாகக் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டவர் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். நாசரேத் பக்கத்து உபதேசியார், வடமொழி, எபிரேயம் எல்லாம் தேடிப் படித்த பண்டிதர். மிஷனெரிகளோடு மோதினார், கால்டுவெல் சாணார்களைப் பற்றி 1849-ல் எழுதிய புத்தகம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரன் காசும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, ஊர் வழக்கங்கள் எல்லாம் உண்டு. கால்டுவெல் தரப்பு இதை அவமானமாக நினைத்தது. சின்னச் சபைதான், ஆனாலும் தாங்கிப் பிடிக்க ஒரு சங்கமும் இல்லாமல் இன்றுவரை இருக்கிறது. மேஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, 1868-ல் முடிந்தது, வானத்தைப் பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் வெற்றி என்ற பேச்சு வந்தால் பிரகாசபுரத்தை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

லண்டனிலும் இது புரிந்தவர் ஒருவர் இருந்தார். ஹென்றி வென், 1841-லிருந்து 30 வருஷம் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளர். உள்ளூர் சபை தன் காசில் நடக்க வேண்டும், தன்னை ஆள வேண்டும், தானே பரவ வேண்டும், மிஷனெரி சாரம் மாதிரி, கட்டடம் எழும்பியதும் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. சாரத்துக்குத் தன்னைக் கழற்றிக்கொள்ள மனசு வரவில்லை, அது தனிக் கதை.

காசு எப்படி வந்தது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து தனிக் கலயத்தில் போடுவார்கள், வாரக் கடைசியில் கோயிலுக்குப் போகும். அக்கானி காய்ச்சுகிற காலத்தில் கருப்பட்டி, அறுப்புப் பண்டிகைக்கு முருங்கைக்காயும் சேவலும் ஏலம். பெரிய மனுஷர் யாரும் கொடுத்ததில்லை, பெரிய மனுஷர்களே அப்போது கிடையாது.

1902-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளை குருவானவர் மகன், இளைஞர் சங்க வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டுத் தங்கள் ஆட்களைத் தமிழ்நாட்டுக்கு மிஷனெரிகளாக அனுப்புவதைப் பார்த்தார். டச்சுச் சபை கரைந்துபோன அதே யாழ்ப்பாணம்தான்! அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமானது. ஆள் நம்ம ஆள், காசு நம்ம காசு, நிர்வாகம் நம்ம நிர்வாகம். 1904-ல் நிஜாம் சீமையில் டோர்னக்கல்லுக்கு முதல் ஆளை அனுப்பினார்கள். தெலுங்கு தெரியாது, போய்ப் படித்துக்கொண்டார்கள். பிறகு அசரியாவே அங்கே போனார், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். பிடி அரிசிக் கலயம் கோதாவரிக் கரை வரைக்கும் போயிருக்கிறது.

இதோடு நிறுத்தினால் மலருக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த 40 பேர் பட்டியல் இருக்கிறதே. பல சாதி ஒரே ஏட்டில் இருந்த சபை, நூறு வருஷத்தில் தெற்கே ஊருக்கு ஒரு சாதி, சாதிக்கு ஒரு கோயில் என்று ஆகிவிட்டது. ரேனியஸ் தன் செமினரியில் எல்லாப் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். மேல்சாதிப் பெற்றோர் மறுத்தார்கள், செமினரியையே கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஒரு குடும்பமாக வந்து, ஒரு சாதியாக நின்றது பஞ்சத்திலும் காய்ச்சலிலும் சபையைக் காப்பாற்றியது என்பது உண்மைதான். அதே ஒட்டுதான் பிறகு கதவையும் அடைத்தது.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் கோயில் பூட்டிக் கிடந்தது. கமிட்டித் தேர்தலில் இரண்டு கட்சி, அடிதடி, கேஸ், கடைசியில் கதவில் சீல். 14 மாசம். ஐயர் வருவதை நிறுத்திவிட்டார், வந்தால் எந்தக் கட்சி வீட்டில் காப்பி குடிப்பது என்று அவருக்கும் பயம். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அந்த 14 மாசமும் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் சாயங்கால ஜெபம் நடந்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. முதல் நாள் ஆச்சியும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் உட்கார்ந்தார்கள், பத்து நாளில் முப்பது பேர் ஆனார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள், திண்ணையின் இரண்டு ஓரத்தில். பிடி அரிசி நிற்கவில்லை. கோயிலுக்குக் கொடுக்க முடியாததால், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பனையேறி வீட்டுக்குப் போயிற்று.

கிழக்குத் தெருவிலிருந்து ஒரு அக்கா அரிக்கேன் விளக்கோடு வருவார். எங்கள் ஊரில் கிழக்குத் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் அவருக்குத்தான் முழுசாக மனப்பாடம், புத்தகமெல்லாம் பூட்டின கோயிலுக்குள் கிடந்தது. எல்லாப் பாட்டையும் அவர்தான் எடுத்துக்கொடுப்பார். திண்ணைக்குக் கீழே படியில் உட்கார்ந்துகொண்டு. மேலே வந்து உட்காருங்கள் என்று ஒருநாளும் ஒருவரும் சொல்லவில்லை. ஆச்சியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சீல் எடுத்த பிறகு பெரிய ஆராதனை நடந்தது, மாலை மரியாதை எல்லாம். திண்ணை ஜெபத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஊர்க் கோயில் சரித்திரப் பதிவேட்டிலும் அந்த 14 மாசத்துக்கு ஒரு வரிகூட இல்லை, அடுத்த பக்கத்தில் நேராகப் புது கமிட்டியின் பெயர்கள்.

கட்டுரையை அனுப்பினேன். நாலு நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

"என்ன மாப்ள, கோபுரம் உயரம் கேட்டா மேஞ்ஞானபுரத்து உயரம் எழுதியிருக்க? நம்ம கோபுரம் என்ன ஆச்சு?"

"நம்ம கோபுரம் நீங்களே போட்டுக்கோங்க மாமா. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. கோயில் பூட்டிக் கெடந்தப்போ திண்ணையில ஜெபத்துக்கு வந்தவங்க பேரெல்லாம் மலர்ல போடணும். உங்களுக்கு ஞாபகம் இருக்குல்லா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தக் கேஸில் மாமாவும் ஒரு கட்சி. பிறகு சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதிக்கொண்டேன். ஆச்சி பெயர், பக்கத்து வீட்டுப் பெரியம்மா பெயர், எதிர்க்கட்சிக்காரர்கள் பெயர்கூட விடாமல் சொன்னார். இருபத்தாறு பேர்.

"அந்த லைட்டு கொண்டு வருவாங்கல்லா மாமா, கிழக்குத் தெரு அக்கா?"

"ஆமா ஆமா. நல்லாப் பாடுவாளே..." என்றார். "அவ பேரு... இருலே, ஒங்க அத்தைட்ட கேக்கேன்."

அத்தைக்கும் தெரியவில்லை. கிழக்குத் தெருவில் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.